கண்ணை மூடிக் கை தூக்கியவர்கள்

கிழக்குக் கடற்கரையில், முக்ஹோ துறைமுகத்தில் யோம் சூன்மியின் சாப்பாட்டுக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. இருந்ததைப் புயல் கொண்டுபோனது. அவளும் திரும்ப மாட்டவில்லை. பனிக்காலத்தில் படகு கரைக்கு வந்ததும் ஆட்கள் கை கழுவாமல்கூட நேராக அங்கேதான் வருவார்கள். புளித்த முட்டைக்கோஸ் கிம்ச்சி போட்டுக் கொதிக்கவிட்ட கொம்ச்சி மீன் சூப்புதான் அங்கே சாப்பாடு. அந்த மீன் பார்க்க அவலட்சணமாக இருக்கும், பிடித்தால் கையிலிருந்து நழுவும், வாயில் வைத்தால் பல்லுக்கு வேலையே இருக்காது.

"அக்கா, இன்னிக்கு உப்பு தூக்கலா இருக்கே."

"கடல்ல போட்டிருக்காங்க, போய்க் குறைச்சுட்டு வா" என்பாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வாய்க்கு வாய் பதில் கொடுக்கும் அந்தப் பெண் ஒரு காலத்தில் நாட்டின் மாணவர்கள் அத்தனை பேருக்கும் தலைவியாகச் சில நாள்கள் இருந்தவள் என்பது அங்கே சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் அவள் சூப்பில் மீனைக் குறைத்துவிடுவாள் என்று ஒரு பேச்சு உண்டு.

அவளுடைய அப்பா கணவாய் மீன் பிடிக்கும் படகில் போனவர். அம்மா துறைமுகத்தில் கணவாய் கீறிக் கழுவிக் கொடியில் காயப்போடுகிறவள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் சூன்மி. பக்கத்து நகரத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் உணவியல் படித்தாள். வகுப்பில் வாயே திறக்காதவள். பின்வரிசையில் உட்கார்ந்து, தன் விரலில் கணவாய் நாற்றம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாம் வருஷம் பனிக்காலத்தில் பெண்கள் விடுதியின் பாய்லர் நின்றுபோனது. தரைக்கு அடியில் வெந்நீர் ஓடாத அறையில் படுப்பது ஐஸ் பெட்டியில் படுப்பது மாதிரி. புகார் கொடுத்தார்கள். பார்க்கிறோம் என்றார்கள். திரும்பக் கொடுத்தார்கள். குழாய்க்காரர் வருவார் என்றார்கள். ஒருநாள் காலையில் சூன்மி தன் பஞ்சுப் போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கடி போறே?" என்று அறைத்தோழி கேட்டாள்.

"டீன் ஆபீஸ் வராந்தா நல்லா கதகதன்னு இருக்கு. அங்க போய்த் தூங்கப்போறேன்."

விளையாட்டாகச் சொன்னாளா, வெறுத்துப்போய்ச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் பின்னால் ஒருத்தி வந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் விடுதி முழுக்க டீன் ஆபீஸ் வராந்தாவில் போர்வை விரித்துப் படுத்திருந்தது. ஒரு கோஷம் இல்லை, ஒரு தட்டி இல்லை. உள்ளே வந்த டீன் கால் வைக்க இடமில்லாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடந்தார். ஒரு பெண் குறட்டை வேறு விட்டாள். சாயங்காலத்துக்குள் குழாய்க்காரர் வந்துவிட்டார்.

அதன்பிறகு விடுதிப் பெண்கள் சூன்மியை விடுதித் தலைவி ஆக்கினார்கள். அடுத்த வருஷம் கல்லூரி மாணவர் மன்றத்துக்குத் தலைவி ஆக்கினார்கள். அவளாக எதற்கும் நிற்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டாவது தடவை அவளே நின்றாள். கேட்கிறவர்களுக்குத் தன்னால் ஏதாவது செய்ய முடிகிறது என்று கண்டதில் அவளுக்கு ஒரு ருசி ஏற்பட்டிருந்தது.

ராணுவத் தளபதிகள் நாற்காலியை விட்டு இறங்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எல்லாக் கல்லூரி மன்றங்களும் சேர்ந்தது தேசிய மாணவர் பேரவை. வசந்த காலத்தில் தெற்கே ஒரு பல்கலைக்கழக மைதானத்தில் பேரவையின் தேர்தல் நடக்கும். தலைவர் எப்போதும் சியோலின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வருவார். அரசாங்கத்துக்கு அந்தப் பேரவை ஆகாது; அவர் தேர்வாகும் அன்றே கைது வாரண்டும் வந்துவிடும். பதவிப் பிரமாணம் மாதிரி அதுவும் ஒரு சடங்கு. அதற்குப் பிறகு அந்த மனிதர் கல்லூரி வளாகத்தைவிட்டு வெளியே தலைகாட்ட முடியாது.

அந்த வருஷம் தலைவரானவன் பியோன் தேஹோ. உயரமானவன், தழுதழுத்த குரல்காரன். அவன் பேசினால் கூட்டம் அழும். துணைத் தலைவர்களில் ஒருவர் கிழக்குக் கடற்கரை மாகாணத்திலிருந்து வர வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கென்று பேசி வைத்திருந்த பையனை அவன் அப்பா மைதானத்துக்கே வந்து சட்டைக் காலரைப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மேடையில் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஆளைக் காணோம். மாகாணத்துப் பிரதிநிதிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சூன்மியைப் பார்த்தார்கள்.

"நானா? எனக்கு மேடைன்னா கால் நடுங்கும்."

"நடுங்கட்டும், யாரு காலைப் பாக்கப்போறாங்க? போ போ."

மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்ததும் அது கீச்சென்று கத்தியது. கூட்டம் சிரித்தது. சூன்மிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க விடுதியில பாய்லர் நின்னுபோச்சு. இப்ப ஓடுது. எனக்குச் சொல்லத் தெரிஞ்சது அவ்வளவுதான். உங்க ஊர்ல எது ஓடலையோ அதை என்கிட்ட வந்து சொல்லுங்க."

தேஹோவின் பேச்சுக்கு அழுதவர்கள் இவளுக்கு விசிலடித்தார்கள். வாக்கும் போட்டார்கள். அம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "துணைத் தலைவர்னா உன்னையும் பிடிப்பாங்களா?"

"தலைவரைத்தாம்மா பிடிப்பாங்க."

"அப்ப சரி. அந்தத் தலைவர் பயல் நல்லா இருக்கட்டும்."

ஆகஸ்டில் சியோலில் குன்றின்மேல் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் பேரவை மாநாடு கூட்டியது. அரசாங்கம் தடை போட்டது. தடை போட்டதால் இன்னும் அதிகம் பேர் வந்தார்கள். போலீஸ் குன்றைச் சுற்றி வளைத்தது. மேலே ஹெலிகாப்டர் பறந்து கண் எரியும் மருந்தைத் தூவியது. மைதானத்தில் நிற்க முடியாமல் மாணவர்கள் ஓடி ஓடி, கடைசியில் ஆயிரக்கணக்கானவர்கள் அறிவியல் கட்டடம் ஒன்றுக்குள் அடைந்துகொண்டார்கள். மேசை நாற்காலிகளை அடுக்கி வாசலை மறித்தார்கள்.

அதற்கு முன்பே தலைவரை வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று மத்தியக் குழு முடிவெடுத்திருந்தது. தலைவர் பிடிபட்டால் பேரவையே பிடிபட்ட மாதிரி என்பது அவர்கள் கணக்கு. தேஹோ முதலில் மறுத்தான். பிறகு சலவைக்காரனின் மேலங்கியை மாட்டிக்கொண்டு, பல்கலைக்கழக மருத்துவமனையின் அழுக்குத் துணி மூட்டைகளோடு மூட்டையாக வண்டியில் ஏறினான். ஏறும்போது சூன்மியின் கையைப் பிடித்து, "நான் வர்ற வரைக்கும் நீதான் தலைவர்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. மருந்துப் புகையாலா, மனசாலா, சூன்மிக்குத் தெரியவில்லை.

கட்டடத்துக்குள் முதல்நாள் பாட்டும் ஆட்டமுமாகப் போனது. பிறகு மின்சாரத்தை நிறுத்தினார்கள். அடுத்து தண்ணீரை. ஆகஸ்ட் வெயிலில் கண்ணாடிக் கட்டடம் வெந்தது. கழிப்பறைப் பக்கம் போக முடியவில்லை. சமைக்காத நூடுல்ஸை நொறுக்கித் தின்றவர்களுக்கு இன்னும் தாகம் எடுத்தது. சூன்மி மாடி மாடியாக ஏறி இறங்கினாள். கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. முகத்தைக் காட்டிவிட்டு வந்தாள், அவ்வளவுதான்.

அவளோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவள் சோல் கியோங்ஆ. முதல் வருஷ மாணவி, சீன மொழி படிக்கிறவள். வேதியியல் ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டில்களைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

"நீ எந்தப் பிரிவும்மா? யாரு உன்னைக் கூட்டிட்டு வந்தது?" என்று சூன்மி கேட்டாள்.

"பிரிவெல்லாம் தெரியாதுக்கா. மாநாட்டுல ஆட்டம் நல்லா இருக்கும்னு எங்க வகுப்புப் பசங்க சொன்னாங்க, வந்தேன்."

"ஆட்டம் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. முடிய மாட்டேங்குது, அதான்."

சூன்மி அந்த நிலையிலும் வாய்விட்டுச் சிரித்தாள்.

மூன்றாவது மாடியில் ஆஸ்துமாக்காரப் பையன் ஒருவனுக்கு மருந்து தீர்ந்துபோனது. அவன் சுவரில் சாய்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுத்தான். உதடு நீலம் பூத்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் சூன்மியைப் பார்த்தார்கள். மைதானத்தில் பிரதிநிதிகள் அன்றைக்குப் பார்த்த அதே பார்வை இல்லை இது. இவர்கள் பார்வையில் பயம் இருந்தது. கேட்கப் பயந்த கேள்வி ஒன்றும் இருந்தது.

ஒருவனிடம் இருந்த கைப்பேசியில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தது. சூன்மி தேஹோவை அழைத்தாள்.

"சூன்மி! எப்படி இருக்கீங்க எல்லாரும்? இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிங்க. பாதிரியாருங்க பேச்சுவார்த்தைக்கு வர்றதா சொல்லியிருக்காங்க. பேப்பர்லெல்லாம் நாமதான். இப்ப வெளியே வந்தா இத்தனையும் வீணாப்போயிடும்."

"தலைவரே, நீங்க இருக்கற இடத்துல குழாயைத் திறந்தா தண்ணி வருதா?"

"வருது" என்றான்.

"இங்க வரலை."

"எனக்குத் தெரியாதா அது?"

"தெரியும். தெரியறது வேற, நாக்கு ஒட்டிக்கறது வேற. நான் இங்க இருக்கறவங்களைக் கேக்கப்போறேன், இருக்கறீங்களா போறீங்களான்னு."

"மத்தியக் குழு கூடாம நீயா எப்படி..."

பேச்சு அறுந்தது. கைப்பேசி செத்துவிட்டது. அவள்தான் துண்டித்துவிட்டாள் என்று தேஹோ பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தான்.

கட்டடத்தைக் காத்த மாணவர் படைக்குத் தலைவன் பாங் இன்சோப். இரும்புக் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நிற்பான். தொண்டை கட்டிப்போயும் கோஷத்தை விடாதவன். சூன்மி விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் சிவந்துவிட்டது.

"வெளியே போறதா? இதைக் கேக்கறதே துரோகம். கேட்டா ஒருத்தன்கூட ஆமான்னு சொல்ல மாட்டான், பாத்துக்கோ."

"சொல்லலைன்னா இருந்துடுவோம். கேக்கறதுல என்ன?"

முதல் அறையில் அவன் சொன்னபடியே ஆனது. "வெளியே போகலாம்னு நினைக்கறவங்க கை தூக்குங்க" என்றாள். ஒரு கைகூட எழவில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கையைப் பாதி தூக்கி, தலையைச் சொறிவது மாதிரி இறக்கிக்கொண்டாள். இன்சோப் கதவோரம் நின்று உதட்டைச் சுழித்தான்.

சூன்மி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க" என்றாள். "இன்சோப், நீயும்தான். நீயும் இங்க இருக்கறவன்தானே? யாரும் யாரையும் பாக்க வேண்டாம். நான் மட்டும் பாக்கறேன். இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போனப்புறம் நானும் மறந்துடுவேன்."

கண்களை மூடினார்கள். வியர்வையும் அழுக்குமாக, மருந்து பட்டு வீங்கிய கண்களோடு, அந்த அறை முழுக்க முகங்கள். சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைத்த மாதிரி இருந்தது. இப்போது கைகள் எழுந்தன. முதலில் தயங்கி ஒன்று, பிறகு காடு மாதிரி. அந்தக் காட்டின் ஓரத்தில், கதவுக்குப் பக்கத்தில், இரும்புக் குழாய் பிடிக்காத கை ஒன்றும் தோள்வரை எழுந்து நின்றது. சூன்மி அதைப் பார்த்தாள்.

"இறக்குங்க. கண்ணைத் திறங்க" என்றாள்.

மாடி மாடியாக, அறை அறையாக அதையே செய்தாள். எல்லா இடத்திலும் பெரும்பாலானவர்கள் போகலாம் என்றார்கள். கடைசியில் இன்சோப்பிடம் வந்து சொன்னபோது அவன் தரையில் குழாயை ஓங்கி அடித்து, "நாங்க வர மாட்டோம். நீ துரோகி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினான். சூன்மி அவன் முகத்தைப் பார்த்தாள். "இருக்கணும்னு நினைக்கறவங்க இருக்கலாம். யாரையும் இழுத்துட்டுப் போக மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஆய்வகத்து வெள்ளைக் கோட்டை ஒரு குச்சியில் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்ப் போலீஸ் அதிகாரியிடம் பேசினாள். அவரும் தூக்கமில்லாமல் கண் சிவந்துபோய் இருந்தார்.

"உங்க தலைவர் எங்கே?"

"இப்ப நான்தான்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு?"

"முக்ஹோ."

"கணவாய் ஊரு." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "என்ன வேணும்?"

"முதல்ல ஆம்புலன்ஸ். மூச்சு முட்டற பையன் ஒருத்தன் இருக்கான். அப்புறம், கையைத் தலைக்குப் பின்னால வச்சுக்கிட்டு வரிசையா வருவோம். அடிக்கக் கூடாது."

"என் ஆளுங்க அடிக்க மாட்டாங்க" என்றார்.

அவர் சொன்ன வார்த்தையை அவருடைய ஆட்கள் காப்பாற்றினார்கள் என்று சூன்மி பின்னாளிலும் சொல்வாள். ஆம்புலன்ஸ் வந்தது. பையனை ஏற்றினார்கள். வரிசை கிளம்பியபோது சூன்மி முதல் ஆளாக நின்றாள். அடிப்பதென்றால் முதலில் தன்னை அடிக்கட்டும் என்பது அவள் எண்ணம். முன்வாசலில் இரண்டு பக்கமும் கேடயத்தோடு நின்றவர்கள் அவள் வயசுப் பையன்கள், கட்டாய ராணுவச் சேவைக்கு வந்தவர்கள். ஒருத்தன் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டான். அவளை மைதானத்தில் குந்தி உட்கார வைத்தார்கள். பின்னால் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். அடி இல்லை. அவளுக்கு நெஞ்சு லேசாகியது. சரியாகச் செய்துவிட்டோம் என்று நினைத்தாள்.

பிறகுதான் கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து அலறல் கேட்டது.

பின்வாசல் வழியாக வேறொரு படை உள்ளே நுழைந்திருந்தது. அவர்களோடு யாரும் பேசவில்லை, அவர்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. வரிசையின் வால் இன்னும் இருட்டுப் படிக்கட்டில்தான் இருந்தது. நடக்க முடியாதவர்களும் அவர்களைத் தாங்கிப் பிடித்தவர்களும் அந்த வாலில்தான் இருந்தார்கள். சூன்மி எழுந்து திரும்ப முயன்றாள். ஒரு கை அவள் தலையைப் பிடித்து முழங்காலுக்குள் அழுத்தியது. அலறல் நிற்கும்வரை அந்தக் கை விலகவில்லை. மண்ணைத் தவிர வேறு எதையும் அவளால் பார்க்க முடியவில்லை.

சூன்மிக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அம்மா முக்ஹோவிலிருந்து பேருந்தில் வந்து கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். மகளை முறைத்துப் பார்த்தாள்.

"தலைவரைத்தான் பிடிப்பாங்கன்னியே."

"நான்தாம்மா தலைவர் ஆயிட்டேன்."

"நல்ல ஆளு. வேற ஏதாவது ஆகியிருக்கக் கூடாதா?" அம்மா மூக்கைச் சிந்தினாள். "உன்னைப் பேரவையிலிருந்து நீக்கிட்டாங்களாம். காட்டிக் கொடுத்துட்டியாம். இன்சோப்னு ஒருத்தன், பின்பக்கமா தப்பிச்சுப் போனவன், ஊர் ஊரா மேடை போட்டுப் பேசறானாம். துறைமுகத்துல எல்லாரும் என்னைக் கேக்கறாங்க."

சூன்மி கண்ணை மூடிக் கை தூக்கச் சொன்ன கதையை அம்மாவிடம் சொன்னாள். கதவோரத்துக் கையைப் பற்றியும் சொன்னாள். இன்னொரு ஆளிடம் அவள் அதைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அம்மா எழுந்தே விட்டாள். "அடிப்பாவி! அந்தப் பயலும் கை தூக்கினான்னு சொல்லேன்டி! நாலு பேருக்குத் தெரியட்டும்."

"கண்ணை மூடச் சொன்னது நான்தானேம்மா."

"அதனால?"

"மறந்துடுவேன்னும் சொன்னேன்."

அம்மா திரும்ப உட்கார்ந்தாள். அவளுடைய கைகள் உப்பில் ஊறி வெடித்திருந்தன. அந்தக் கையைக் கண்ணாடியில் வைத்து, "மறந்து தொலை" என்றாள். பிறகு அவளும் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. துறைமுகத்தில் யாராவது கேட்டால் கணவாய்க் கத்தியைக் காட்டி, "வேலையைப் பாரு" என்று சொல்லிவிடுவாள்.

வெளியே வந்த சூன்மி கல்லூரிக்குத் திரும்பவில்லை. அம்மாவோடு கணவாய் காயப்போட்டாள். ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த கில்சு என்ற அமைதியான மனிதனைக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் முட்டி ஒத்துழைக்காமல் போனபோது இந்தக் கடையைத் திறந்தாள். தேசிய மாணவர் பேரவை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. வருஷத்துக்கு வருஷம் பிரதிநிதிகள் குறைந்தார்கள். பிறகு தலைவர் பதவிக்கு நிற்கவே ஆள் கிடைக்கவில்லை என்று செய்தியில் வந்தது. அன்றைக்கு சூன்மி தொலைக்காட்சியைப் பார்த்தபடி ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "தட்டு தேஞ்சுடப்போகுது" என்று கில்சு சொன்ன பிறகுதான் கீழே வைத்தாள்.

ஒரு தேர்தல் சமயத்தில் பியோன் தேஹோ கடைக்கு வந்தான். நாடாளுமன்றத்துக்கு நின்றிருந்தான். தலை நரைத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. கூட வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்தான்.

"சூன்மி, நாளைக்குத் துறைமுகத்துல கூட்டம். நீ மேடையில என் பக்கத்துல நின்னா போதும். பேசக்கூட வேண்டாம்."

"முதல்ல சாப்பிடுங்க தலைவரே, ஆறிடும்."

சாப்பிட்டான். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, தலையைக் குனிந்தபடி, "அன்னிக்குப் போன்ல நான் பேசினது தப்பு. தண்ணி வருதான்னு நீ கேட்டது இன்னும் என் காதுல இருக்கு" என்றான்.

சூன்மிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அழுக்குத் துணிக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு போனவனுக்கு அப்போது என்ன வயசு? இருபத்து மூன்றோ நாலோ. அவனை அனுப்பி வைத்தவர்களில் அவளும் ஒருத்தி.

"என்கிட்ட சொல்ல வேண்டாம். நான் பரவாயில்லை" என்றாள். "அந்தப் படிக்கட்டுல இருந்தவங்ககிட்ட சொல்லுங்க."

"அவங்களை எங்க போய்த் தேடறது?"

"அதுவும் சரிதான்" என்றாள். ஆனால் மேடைக்கு வரவில்லை. அவன் அந்தத் தேர்தலில் ஜெயித்தான்.

தேட வேண்டிய அவசியம் இல்லாமல், படிக்கட்டில் இருந்தவள் தானாகவே வந்தாள். ஒரு மதிய நேரம், கூட்டம் கலைந்த பிறகு, காதில் கருவி மாட்டிய நடுவயசுப் பெண் ஒருத்தி உள்ளே வந்து, சுவர் தன் இடதுபக்கம் இருக்கும்படி இடம் பார்த்து உட்கார்ந்தாள். சூப்பைப் பாதி குடித்துவிட்டு, "இன்னும் முடிய மாட்டேங்குதுக்கா, ஆட்டம்" என்றாள்.

சூன்மி கரண்டியைக் கீழே வைத்தாள். "கியோங்ஆ."

"இடது காது போச்சு. தலைசுத்தல் மட்டும் போகலை. வந்துட்டே இருக்கு." சாதாரணமாகத்தான் சொன்னாள். "நான் ஒரு கேள்வி கேக்கத்தான் வந்தேன். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். நீங்க ஏன் முன்னாடி போனீங்க? கடைசியா வந்திருக்கலாமே? நீங்க இருந்திருந்தா எங்களை அடிச்சிருக்க மாட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அடிச்சிருப்பாங்க. ஆனா நாங்க இருக்கோம்னு யாருக்காவது தெரிஞ்சிருக்கும்ல?"

சூன்மி எதிரே உட்கார்ந்தாள். முதலில் என்னை அடிக்கட்டும் என்று நினைத்தேன் என்ற பதில் வாய்வரை வந்தது. அது உண்மைதான். ஆனால் அந்தப் பெண்ணின் காதுக்கு முன்னால் அந்த உண்மை ஒரு சாக்கு மாதிரி இருந்தது.

"பின்பக்கம் ஒரு வாசல் இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள் மெதுவாக. "தினமும் அந்தப் படியில ஏறி இறங்கினவதான் நான். அந்த அதிகாரிகிட்ட முன்வாசலைப் பத்தி மட்டும்தான் பேசினேன். பின்வாசல் ஞாபகத்துக்கே வரலை. நான்தான் யோசிச்சிருக்கணும். எனக்குத்தானே ஓட்டுப் போட்டீங்க."

கியோங்ஆ அவளை நெடுநேரம் பார்த்தாள். "நான் ஓட்டெல்லாம் போடலை. ஆட்டம் பாக்க வந்தவ" என்றாள். பிறகு கிண்ணத்தை நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள்.

அந்த இரண்டாவது கிண்ணத்தின்போதுதான் அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். அன்று அடிபட்டவர்களைப் பற்றி விசாரிக்க அரசாங்கத்தில் ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். படிக்கட்டில் யாரும் அடிபடவில்லை, மாணவர்கள் தாங்களே விழுந்து காயப்பட்டார்கள் என்றுதான் போலீஸின் பழைய கோப்பில் இருக்கிறதாம். மைதானத்தில் உட்கார்ந்து அலறலைக் கேட்டவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். பலரைக் கேட்டாள். வேலை போய்விடும், பிள்ளைக்குக் கல்யாணம் என்றார்கள்.

"வர்றேன்" என்றாள் சூன்மி. யோசிக்கக்கூட இல்லை.

கொம்ச்சி மீன் நன்றாகக் கிடைக்கும் பருவம் அது. கில்சு, "நான் பாத்துக்கறேன், உப்பு மட்டும் எவ்வளவுன்னு சொல்லிட்டுப் போ" என்றான். சூன்மி கறுப்புக் கோட்டு ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு சியோலுக்கு ரயிலேறினாள்.

விசாரணை அறை சின்னதாக, சூடாக இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் வழக்கறிஞர் பெயர், ஊர், தொழில் கேட்டார். சாப்பாட்டுக் கடை என்றாள். "சம்பவத்தின்போது நீங்க என்னவா இருந்தீங்க?" என்று கேட்டார்.

கடையில் சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைக் கேட்டிருந்தால் சூப்பில் மீனைக் குறைத்திருப்பாள். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தேசிய மாணவர் பேரவையின் துணைத் தலைவர். மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்க. அந்தச் சில நாள் தலைவர் பொறுப்பும் என்கிட்டதான் இருந்தது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் நின்றது, பையனின் நீல உதடு, அதிகாரியோடு பேசியது, முன்வாசல், தலையை அழுத்திய கை, அலறல். அந்த அதிகாரி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியதையும் சொன்னாள். பின்வாசலைத் தான் மறந்ததையும் சொன்னாள். வெளியே போகலாம் என்று யார் யார் கை தூக்கினார்கள் என்று வழக்கறிஞர் கேட்டபோது மட்டும், "எண்ணிப் பாத்தேன். முகத்தைப் பாக்கலை" என்றாள். அந்த அறையில் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான்.

வெளியே வராந்தாவில் பியோன் தேஹோ உட்கார்ந்திருந்தான். அவனையும் கூப்பிட்டிருந்தார்களா, அவனாக வந்தானா என்று யாரும் கேட்கவில்லை. கியோங்ஆவைக் கண்டதும் எழுந்து நின்றான். நாடாளுமன்றத்தில் மணிக்கணக்கில் பேசுகிறவனுக்கு அன்றைக்கு வார்த்தை வரவில்லை.

"வலது பக்கமா வந்து சொல்லுங்க தலைவரே" என்றாள் கியோங்ஆ. "அந்தப் பக்கம் கேக்காது."

அவன் சுற்றிக்கொண்டு அவளுடைய வலது பக்கம் போனான். சூன்மி அவர்களை அங்கேயே விட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பும் ரயில் எப்போது என்று விசாரிக்க வாசலுக்கு நடந்தாள்.